பாட்டன் கட்டிய வீடு

கோவிலுக்குக் கும்பாபிஷேகம் செய்ய நம் நாட்டில் தர்மவான்களுக்குக் குறைவில்லை. கோட்டைகளையும் அரண்மனைகளையும் குகைக் கோவில்களையும் பாதுகாக்க 1861-ம் வருஷத்திலேயே தொல்பொருள் இலாகா ஏற்பட்டுவிட்டது. ஆனால், ஊர் பேர் தெரியாத ஒரு கணக்குப் பிள்ளையோ, பள்ளிக்கூட உபாத்தியாயரோ வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தில் எழுப்பிய சின்னஞ்சிறு ஓட்டு வீட்டைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்? அந்த வீட்டுக்கு ஸ்தல புராணம் இல்லை; கல்வெட்டு இல்லை; அதைத் தரிசிக்க யாத்திரிகர்கள் வருவதும் இல்லை. அதில் குடியிருக்க விரும்பும் மனிதர் ஒருவர் இருந்தால் அது பிழைக்கும். இல்லாவிட்டால் நாலைந்து மழைக் காலங்களில் மண்ணோடு மண்ணாகும்.

காவேரிப் பாசனப் பிரதேசத்துக் கிராமங்களுக்குள் நுழைந்து பார்ப்பவர்களுக்கு இது நன்கு விளங்கும். தெருவின் இரு மருங்கிலும் வரிசையாக நின்ற ஓட்டு வீடுகளுக்கு நடுவே, விழுந்துபோன பல்லின் இடத்தைப் போல் அங்கங்கே வெற்றிடம் தெரியும். சில வீடுகள் பூட்டிக் கிடக்கும். திண்ணையில் எருக்கு முளைத்திருக்கும். சுவரின் வெடிப்பில் அரசங்கன்று ஒன்று தளதளவென்று தலை நீட்டிக்கொண்டிருக்கும். பங்காளிகள் நாலு ஊரில் நாலு பேர். யாரும் வருவதில்லை, யாரும் கையெழுத்துப் போடுவதும் இல்லை. முதலில் வாசற்கதவு விலை போகிறது; பிறகு தூண்கள்; பிறகு உத்தரங்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் தூண்களும் நிலைக் கதவுகளும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு குடும்பத்தின் கூடத்தைத் தாங்கி நின்றவை அன்றோ?

எல்லாப் பழைய வீடுகளையும் காப்பாற்ற முடியாது. காப்பாற்றத்தான் வேண்டும் என்று சொல்வதும் விவேகமாகாது. ஆனால், காப்பாற்றக் கூடிய வீடுகளையும் "இது இனிமேல் ஆகாது" என்ற ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நம் ஜனங்களிடையே வழக்கமாகிவிட்டது. ஆகுமா ஆகாதா என்று நிதானித்துப் பார்ப்பது எப்படி, பார்த்தபின் செய்ய வேண்டியது என்ன என்பதைப் பற்றியே இங்கு எழுத உத்தேசித்துள்ளோம்.

வீட்டின் அமைப்பு

சாதாரணத் தஞ்சாவூர் ஜில்லா வீட்டின் முகப்பு பெரும்பாலும் குறுகலாகவே இருக்கும். 18 அடி, 20 அடி அகலம். ஆனால் தெருவிலிருந்து கொல்லை வரை நீண்டுகொண்டே போகும். வாசலில் திண்ணை, திண்ணையைத் தாண்டினால் ரேழி, ரேழிக்கு அப்பால் வானத்தைப் பார்த்த முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், அதையொட்டிக் கூடம், ஓரிரண்டு உள் அறைகள், அடுக்களை, பின்னால் கிணறும் கொல்லையும். வாசற்படியில் நின்று நோக்கினால் கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோடாகத் தெரியும்.

இந்த அமைப்பு ஏதோ அழகுக்காக ஏற்பட்டதன்று. பகல் வெயிலில் சூடேறும் காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து வெளியேறுகிறது. அதன் இடத்தை நிரப்பத் திண்ணைப் பக்கமிருந்தும் கொல்லைப் பக்கமிருந்தும் நிழலில் தங்கிய காற்று உள்ளே ஓடி வருகிறது. ஒன்றரை அடி கனமுள்ள சுவர், வெயிலின் சூட்டை உடனே உள்ளே விடாமல் நெடு நேரம் தாங்குகிறது. நாட்டு ஓடுகளின் இடுக்குகளில் காற்று புகுந்து புறப்படுகிறது. முற்றத்துக்கு மேலே நெகிழித் தகடு போட்டு மூடிவிட்டு, "வீடு புழுங்குகிறதே!" என்று மின்விசிறியைச் சுழல விடுகிறவர்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சுத் திணறுகிறது என்பவர்களுக்கு ஒப்பாவர். திருடருக்கும் குரங்குக்கும் அஞ்சினால் இரும்புக் கம்பி வலை போடலாம். வானத்தை மறைக்கலாகாது.

ஓர் ஆசிரியையின் துணிவு

மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே ஒரு சிற்றூரில் இத்தகைய வீடு ஒன்றைப் பழுது பார்க்கும் வேலையை ஆரம்ப முதல் முடிவு வரை கவனிக்கும் சந்தர்ப்பம் நமக்குக் கிடைத்தது. வீட்டுக்கு உரியவர் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள். பூர்விகச் சொத்தில் பெண்களுக்கும் ஆண்களைப் போல் சம பங்கு உண்டென்று தமிழ்நாட்டில் 1989-லும், தேசம் முழுவதிலும் 2005-லும் சட்டம் ஏற்பட்டதல்லவா? அந்தச் சட்டத்தின் பயனாக நிலத்தைச் சகோதரர்களுக்கு விட்டுக் கொடுத்து, இடிந்த வீட்டைத் தம் பங்காகக் கேட்டு வாங்கிக் கொண்டார் அவர்.

சகோதரர்களுக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. இளையவர் நேரில் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இதில் காசைக் கொட்டாதே. இடித்துவிட்டு இரண்டு அறை போட்டு மாடி வீடாகக் கட்டிக்கொள். பாதிச் செலவை நான் ஏற்கிறேன்" என்று பரிவோடுதான் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. கூடத்துக் கூரையில் மூன்று இடத்தில் வானம் தெரிந்தது. மேற்குச் சுவர் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துப் பொரிந்து கிடந்தது. முற்றத்துத் தூண் ஒன்றின் அடிப்பாகத்தைக் கரையான் தின்று தீர்த்திருந்தது.

அந்த அம்மாள் அவசரப்படவில்லை. எழுபது வயதைத் தாண்டிய கொத்தனார் ஒருவரை அடுத்த ஊரிலிருந்து அழைத்து வந்தார். அவர் அரை நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்; சுவர்களைக் கரணைப் பிடியால் தட்டித் தட்டிக் கேட்டார்; தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தார். கடைசியில் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "டீச்சரம்மா, சுவர் நாலும் தூக்குத் தவறாமல் நிக்குது. கூரைதான் கெட்டிருக்கு. கூரை கெட்டதால் வந்த வினைதான் மத்ததெல்லாம்" என்றார்.

பழைய வீட்டைப் பற்றி ஒருவர் அறிய வேண்டிய முதல் பாடம் இதுவே. பார்வைக்குப் பயங்கரமாயிருப்பதெல்லாம் ஆபத்தல்ல. காரை உதிர்ந்த சுவர் ஆபத்தல்ல. செங்குத்தாக நில்லாமல் வெளிப்புறம் சாய்ந்த சுவர் ஆபத்து. மயிரிழை போன்ற வெடிப்பு ஆபத்தல்ல. வருஷத்துக்கு வருஷம் அகலும் வெடிப்பு ஆபத்து. வெடிப்பின் குறுக்கே சிறிது சாந்தைப் பூசித் தேதியிட்டு, ஒரு மழைக் காலமும் ஒரு கோடைக் காலமும் காத்திருந்தால் உண்மை தானே வெளிப்படும். சாந்து பிளக்காமலிருந்தால் வெடிப்பு பழங்கதை. பிளந்தால் அஸ்திவாரத்தில் கோளாறு இருக்கிறது.

முதலில் கூரை

பழுது பார்ப்பதில் ஒரு கிரமம் உண்டு. மேலிருந்து கீழே வர வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். தரைக்குப் பளபளப்பான கல் பதித்துவிட்டுப் பிறகு கூரையைப் பிரிக்கிறவர்களை நாம் அறிவோம். அவர்களுடைய பணம் இரண்டு தடவை செலவாகிறது.

நாட்டு ஓடு என்பது குயவர் சக்கரத்தில் பிறந்து சூளையில் வெந்த பிறை வடிவ ஓடு. ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்தும் மலர்த்தியும் அடுக்குவது அதன் முறை. காற்றிலும் குரங்கின் காலிலும் பூனையின் ஓட்டத்திலும் அது நகரும்; உடையும். ஆகவே மழைக் காலத்துக்கு முன் ஓடு பிரித்து மாற்றுவது அந்நாளில் வருஷாவருஷம் நடந்த காரியம். 1865-ல் பாஸல் மிஷன் பாதிரிமார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஏற்படுத்திய பிறகு, ஒன்றோடொன்று கொக்கி போல் மாட்டிக்கொள்ளும் "சீமை ஓடு" பரவிற்று. நாட்டு ஓட்டைத் திருப்புகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு செய்கிறவர்களும் குறைந்தார்கள்.

நாம் கண்ட வீட்டில் சுமார் 1000 சதுர அடிக் கூரையைப் பிரித்துக் கீழே இறக்கினார்கள். ஒவ்வோர் ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்கள். பானையைத் தட்டி வாங்குவதைப் போலத்தான், கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் விரிசல். நல்லவற்றைக் கழுவிப் பாசி நீக்கி அடுக்கினார்கள். குறைந்த ஓட்டுக்கு அதே தாலுகாவில் இடிபட்ட இரண்டு வீடுகளிலிருந்து பழைய ஓடு வந்து சேர்ந்தது. கைமரங்களில் உளுத்தவற்றை மட்டும் மாற்றினார்கள். வயிரம் பாய்ந்த பனங்கை, மழை நீர் சொட்டாமல் காக்கப்பட்டால் நெடுங்காலம் உழைக்கும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து கிடந்தால்தான் அதற்கு நாசம்.

முற்றத்தைச் சுற்றி நான்கு சரிவுகளும் சேரும் மூலைகளே இத்தகைய வீடுகளின் பலவீனமான ஸ்தானம். இரு சரிவுகளின் வெள்ளமும் அந்த மூலையில் பாய்கிறது. பழைய தகரம் துருப்பிடித்து ஓட்டையாகி, அங்கிருந்து வழிந்த நீர்தான் தூணின் அடியை நனைத்துக் கரையானுக்கு விருந்து வைத்திருந்தது. புதிய தகட்டை அகலமாக வளைத்துப் போட்டு அந்தக் கோளாறை நீக்கினார்கள்.

அந்தத் தண்ணீரை வெறுமே தெருவில் விடவும் இல்லை. 1000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 2,360 லிட்டர் தண்ணீர் சேருகிறது. கட்டடங்களிலெல்லாம் மழைநீரைச் சேகரிக்க வேண்டுமென்று தமிழ்நாட்டில் 2003-ல் சட்டம் வந்தது. அதற்கு வெகு காலம் முன்பே முற்றத்தில் அண்டாவும் தவலையும் வைத்து மழைநீர் பிடித்தவர்கள் நம் பாட்டிமார்கள். முற்றத்து நீரை மணலும் சரளையும் நிரப்பிய குழி வழியாக வடியவிட்டுக் கொல்லைக் கிணற்றில் சேர்த்தார்கள்.

சுவரும் சுண்ணாம்பும்

அடுத்தது சுவர். இங்கேதான் இக்காலத்தில் நல்லெண்ணத்தோடு பெருந்தவறு நடக்கிறது. சுவர் பொரிந்தால் உடனே காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டு பூசிவிடுகிறார்கள். ஒரு வருஷம் வீடு புதிதாகத் தோன்றும். மறு வருஷம் சிமெண்டுக்கு மேலே, இன்னும் சற்று உயரத்தில், உப்புப் பூக்கும்.

இதன் காரணம் எளிது. பழைய வீடுகளில் அஸ்திவாரத்தின் மேல் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. பூமியின் ஈரம், தன்னில் கரைந்த உப்பையும் ஏந்திக்கொண்டு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் செங்கல்லில் ஏறுகிறது. மேலே சுண்ணாம்புக் காரை இருந்தால் ஈரம் அதன் வழியே கசிந்து காற்றில் ஆவியாகிவிடும். உப்பும் காரையோடு உதிர்ந்து போகும். காரையைப் புதுப்பித்தால் போதும், செங்கல் பிழைக்கும். நெருக்கமான சிமெண்டுப் பூச்சோ ஈரத்தை வெளியே விடுவதில்லை. ஈரம் மேலும் மேலும் ஏறுகிறது. உப்பு செங்கல்லுக்குள்ளேயே உறைந்து அதைப் பொடியாக்குகிறது. "சுவருக்கு வேர்க்கணும், டீச்சரம்மா. வேர்வையை அடைச்சால் உள்ளே புண்ணாகிப் போகும்" என்று கொத்தனார் சொன்ன ஒரு வாக்கியத்தில் இந்தச் சாஸ்திரம் முழுவதும் அடங்கிவிட்டது.

சுண்ணாம்பின் கதையே ஓர் அதிசயம். கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டுச் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பாகிறது. அதில் தண்ணீர் விட்டால் கொதித்துக் குழைந்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மறுபடியும் கல்லாகிறது. அவசரக்காரர்களுக்கு இது ஏற்ற பொருளன்று. ஒரு பூச்சு இறுகிய பின்னரே மறு பூச்சு. வெயிலில் சட்டென்று காய்ந்துவிடாதபடி தண்ணீர் தெளித்துக்கொண்டேயிருக்க வேண்டும்.

கொல்லையில் குழி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றி, சல்லடையில் வடித்து, வாரக் கணக்கில் ஊற வைத்தார்கள். நீற்றும்போது குழந்தைகளைக் கிட்டே விடலாகாது. தெறித்தால் கண்ணுக்குப் பெருங்கேடு. கடுக்காயை இடித்துத் தனியே ஊறப் போட்டார்கள். அந்தத் துவர்ப்பு நீரும் வெல்லக் கரைசலும் சேர்த்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு மணலாகக் கலந்து அரைத்தார்கள். செட்டிநாட்டு மாளிகைகளில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றுவதுண்டு. இந்தச் சிறிய வீட்டுக்கு அந்த ஆடம்பரம் தேவைப்படவில்லை. மேலே வெள்ளையடித்ததோடு சரி. கூடத்துக்குப் பின்னால் இருந்த சிறிய மச்சுத் தளத்தில் மட்டும், தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி அடுக்கிய பழைய தளத்துக்கு மேலே புதிதாகச் சுண்ணாம்பு ஜல்லி கொட்டி, சித்தாட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் பல நாள் தட்டி இறுக்கினார்கள். தட்டத் தட்ட ஓசை மாறுகிறது. கட்டை துள்ளிக் கையை உதறும்போது தளம் இறுகிவிட்டதென்று பொருளாம்.

சுவர் வெடிப்பில் முளைத்திருந்த அரசங்கன்றை ஒடித்து விடுவதோடு நிற்கவில்லை. ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். அந்த இடத்தில் செங்கல்லைப் பிரித்து, வேரை முழுவதும் தோண்டி எடுத்துவிட்டு, பழைய செங்கல்லையே சுண்ணாம்புச் சாந்தில் மீண்டும் கட்டினார்கள்.

கரையான் தின்ற தூணையும் முழுவதும் எறிந்துவிடவில்லை. அடியில் இரண்டு அடி மட்டும் அறுத்து நீக்கிவிட்டு, அதே கனத்தில் பழைய தேக்குத் துண்டு ஒன்றைப் படி வெட்டிப் பொருத்தி, மர முளை அடித்து இறுக்கினார் தச்சர். பீடக் கல்லைச் சற்று உயர்த்தி வைத்ததால் முற்றத்து நீர் இனி மரத்தை எட்டாது. ஒட்டுப் போட்ட இடம் உற்றுப் பார்த்தால் தெரியத்தான் தெரிகிறது. தெரியட்டுமே! இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்னும் அறிஞர் 1877-ல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தார். பழமைக்குப் புது வேஷம் போட்டு ஏமாற்றுவதைவிட, அவ்வப்போது நேர்மையாகப் பழுது பார்த்து வருவதே மேல் என்பது அவர் கொள்கை. அதே கொள்கையைத்தான் நமது கிராமத்துத் தச்சர் பெயர் சொல்லாமல் அனுஷ்டிக்கிறார்.

எதை விடுவது, எதைச் சேர்ப்பது?

பழமையென்ற காரணத்தால் எல்லாவற்றையும் போற்றிவிட முடியாது. பழைய வீடுகளுக்குள் பழைய அநீதிகளும் குடியிருந்தன. ஒரு சாராருக்கு மெத்தை விரித்த திண்ணை, மற்றொரு சாராருக்கு நிழல் கூடத் தரவில்லை. வழிப்போக்கர்கள் எல்லோரும் அங்கே இளைப்பாறினார்கள் என்று நாம் பெருமை பேசுகிறோமே, தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களை நினைத்துப் பார்த்தால் அந்தப் பெருமை எங்கே நிற்கும்? அடுக்களையோ புகை மண்டிய இருட்டறை. வீட்டில் எல்லோரையும்விட அதிக நேரம் உழைத்தவர்களுக்கு எல்லாவற்றையும்விட வெளிச்சம் குறைந்த இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

நாம் சொல்லும் வீட்டில் அடுக்களைச் சுவரில் பெரிய ஜன்னல் ஒன்று புதிதாகத் திறக்கப்பட்டது. கூரையில் இரண்டு இடத்தில் கண்ணாடி ஓடு பொருத்தினார்கள். நின்றுகொண்டு சமைக்க மேடை கட்டினார்கள். கிணற்றிலிருந்து 30 அடிக்கு மேல் தள்ளிக் கழிப்பறை அமைத்தார்கள். இரவில் செல்ல வெளிச்சமும், முதியவர்கள் பற்றிக்கொள்ளக் கைப்பிடியும், தாழ்வாரத்தின் வழியே நனையாமல் போக ஒரு சாய்ப்பும் அதற்கு உண்டு. பழைய மின்சாரக் கம்பிகளை அடியோடு அகற்றிப் புதிதாக இழுத்தார்கள். இதில் மட்டும் பழமைக்குத் தாட்சண்யம் காட்டுவது உயிருக்கே அபாயம். குளியலறையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் சிமெண்டைத் தாராளமாகவே உபயோகித்தார்கள். சிமெண்டு நமக்குச் சத்துருவன்று. அதற்கு ஏற்ற இடத்தில் அது நல்ல சேவகன்.

திண்ணை என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். காரை கொத்திப் புதுப்பித்த திண்ணையில் இப்போது மாலை வேளையில் அந்த அம்மாளிடம் பாடம் கேட்கப் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். எந்தத் தெருப் பிள்ளையென்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை. பழைய திண்ணையைப் பழுது பார்ப்பதென்றால் அதுவல்லவா முழுமையான பழுது பார்த்தல்!

சுதேசி வீடு

காந்தியடிகள் 1936-ல் வார்தாவை அடுத்த சேகாவ்ம் கிராமத்தில் குடியேறினார். அந்த ஊர் 1940-ல் சேவாகிராமம் என்று பெயர் பெற்றது. தேசத்தின் தலைவர்களெல்லாம் வந்து ஆலோசனை கேட்டுப் போன அந்தக் குடிலுக்கு மண் சுவரும் மூங்கிலும் ஓட்டுக் கூரையுமே அங்கம். லாரி பேக்கர் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், இரண்டாவது உலக யுத்த காலத்தில் சீனாவிலிருந்து தாய்நாடு திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது மகாத்மாவைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய சாமான்களெல்லாம் அந்த வீட்டிலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்று மகாத்மா கூறிய கருத்தைப் பேக்கர் தம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. 2007-ல் திருவனந்தபுரத்தில் காலமாகும் வரை, செங்கல்லையும் சுண்ணாம்பையும், இடிபட்ட வீடுகளின் பழைய கதவுகளையும் ஓடுகளையும் கொண்டே எளியவர்களுக்கு ஏற்ற வீடுகளைக் கட்டி வந்தார்.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிண சித்ராவில், தென்னாட்டின் பழைய வீடுகள் சிலவற்றைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். புதுச்சேரியில் வைசியாள் தெருவின் தமிழ் வீடுகளைச் சீர்திருத்திய வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் பாராட்டு கிடைத்தது. இவையெல்லாம் போற்றத் தக்கவை. ஆயினும், அடுப்பெரியும் வீடும் குழந்தை அழும் வீடும் காட்சிச்சாலை வீட்டைவிட ஒரு படி உயர்ந்தவை என்பதே நமது அபிப்பிராயம்.

சிமெண்டு இந்த நாட்டில் முதன்முதல் உற்பத்தியானது 1904-ல், நமது சென்னையிலேதான். இன்று உலகத்தில் சீனாவுக்கு அடுத்தபடியாக அதிகச் சிமெண்டு செய்யும் தேசம் இந்தியா. அணைகளுக்கும் பாலங்களுக்கும் அது இன்றியமையாதது. ஆனால், மனிதரின் காரியங்களால் காற்றில் சேரும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறதென்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். நிற்கிற சுவரை இடித்துவிட்டு அதே இடத்தில் மற்றொரு சுவரை எழுப்பும்போது, ஒரு தடவை சுட்ட செங்கல்லை வீணாக்கி மறுபடியும் சூளை மூட்டுகிறோம். இதைச் சிக்கனமென்று எந்தக் கணக்குப் புத்தகம் ஒப்புக்கொள்ளும்?

செலவும் வரவும்

"இதெல்லாம் பணக்காரர்களுக்கு அல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. பழுது பார்ப்பது எப்போதும் மலிவு என்று நாம் சொல்லவில்லை. கூரையோடு சுவரும் விழுந்துவிட்ட வீட்டைத் தூக்கி நிறுத்துவது புது வீடு கட்டுவதைவிட அதிகச் செலவாகலாம். ஆனால், சுவர்கள் நேராக நிற்கும் வீட்டில் ஒரு வசதி உண்டு. செலவைப் பங்கிட்டுக் கொள்ளலாம். முதல் வருஷம் கூரை. மறு வருஷம் சுவர். அதற்கு மறு வருஷம் தரையும் பிறவும். ஒரேயடியாகக் கடன் வாங்கி மூழ்க வேண்டியதில்லை. அந்த அம்மாள் இப்படித்தான் மூன்று வருஷத்தில், மாதச் சம்பளத்தின் சேமிப்பையும் ஓய்வூதியத்தையும் கொண்டு, கடனில்லாமல் வேலையை முடித்தார்.

மற்றொரு வித்தியாசமும் உண்டு. புது வீட்டில் பணத்தின் பெரும் பாகம் சிமெண்டுக்கும் இரும்புக்கும் போய்விடுகிறது. பழுது பார்க்கும் வீட்டில் பெரும் பாகம் கூலியாகக் கொத்தனார், தச்சர், சித்தாள் என்று ஊர் மனிதர்களின் கைக்கே சேருகிறது. கதர் உடுத்துவதற்கு அந்நாளில் தேச பக்தர்கள் சொன்ன காரணம் இதுவேயன்றோ?

இந்த வேலையில் கிடைத்த பெரிய லாபம் வீடு மட்டுமன்று. கொத்தனாருக்குச் சுண்ணாம்பு வேலையில் சிஷ்யர் என்று ஒருவரும் இருந்ததில்லை. அவருடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். "என்னோடு இது போச்சு" என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளிடம் ஒரு காலத்தில் படித்த இளைஞர்கள் இருவர், சிமெண்டுப் பூச்சு வேலை தெரிந்தவர்கள், கூலிக்கு வந்தார்கள். முதல் மாதம் சலித்துக்கொண்டார்கள். இரண்டாவது மாதம் கேள்வி கேட்டார்கள். மூன்றாம் வருஷம் அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குத் தாங்களே சுண்ணாம்பு நீற்றப் போனார்கள். வீடு இடிந்தால் மறுபடி ஒன்று கட்டிக் கொள்ளலாம். கைவேலை ஒரு தலைமுறை அறுந்துபோனால் மறுபடி யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது?

மேற்குச் சுவரில் ஈரம் முற்றிலும் நின்றுவிட்டதென்று சொல்ல முடியாது. ஐப்பசியில் சாண் உயரத்துக்கு நிறம் மாறுகிறது. தை பிறந்தால் காய்ந்துவிடுகிறது. சில வருஷத்துக்கொரு முறை அந்த இடத்தில் காரையைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். இளைய சகோதரர் சென்ற கோடையில் குடும்பத்தோடு வந்து பத்து நாள் தங்கினார். கூடத்தில் பாய் விரித்துப் படுத்த அவருடைய பிள்ளைகள், விசிறி நின்ற ராத்திரியிலும் எழுந்திருக்கவில்லையாம். "அக்கா, கொல்லைக் கதவு ரிப்பேருக்கு நான் கொடுக்கிறேன்" என்று போகும்போது அவர் சொன்னதாகக் கேள்வி.

உங்களுக்கும் ஊரில் இப்படி ஒரு வீடு இருக்கலாம். பங்காளிகள் எல்லோரையும் கலந்து முடிவு செய்யக் காலம் ஆகலாம். பணம் சேரவும் காலம் ஆகலாம். ஆனால் மழை காத்திருக்காது. வரும் ஐப்பசிக்கு முன் ஒரு நாள் ஊருக்குப் போய், ஏணி வைத்து ஆள் ஒருவரை ஏற்றி, நகர்ந்த ஓட்டை நேராக்கி, உடைந்த ஓட்டை மாற்றி, சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுத்துவிட்டு வாருங்கள். ஒரு நாள் கூலிக்கு மேல் அதற்குச் செலவில்லை. வீட்டை என்ன செய்வதென்ற முடிவை அதற்குப் பிறகு நிதானமாகச் செய்து கொள்ளலாம்; முடிவு செய்ய வீடு மிஞ்சியிருக்கும்.